ஏத்தங்காய்ப் பொடிக்கு அடுத்து என்ன?

கன்னியாகுமரி மாவட்டத்தில் பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனதும் அடுப்பேறுவது ஏத்தங்காய்ப் பொடி. முற்றிய ஏத்தன் வாழைக்காயைச் சீவி, காயவைத்து, பொடித்துச் சலித்து, கருப்பட்டி சேர்த்துக் குறுக்கிக் கொடுப்பார்கள். சில வீடுகளில் கூவைக்கிழங்கு மாவு. பிள்ளை விரும்பிச் சாப்பிடும், கன்னமும் உப்பும். குறை சொல்ல முடியாத உணவுதான். ஆனால் இரண்டிலும் பெரும்பகுதி மாவுச்சத்து. அந்த வயதில் பிள்ளைக்கு உடனே வேண்டியதோ இரும்பு.

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை தாயிடமிருந்து ஏறக்குறைய ஆறு மாதத்துக்கான இரும்பை வாங்கிக்கொண்டே வருகிறது. தாய்க்கு இரத்தசோகை இருந்தாலோ, பிள்ளை குறைமாதத்தில் எடை குறைந்து பிறந்தாலோ அந்தச் சேமிப்பு முன்னதாகவே தீரும். தாய்ப்பாலில் உள்ள இரும்பு நன்றாக உடலில் சேரும். ஆனால் அளவு சொற்பம். ஒரு வயதுக்குள் பிறந்த எடையைப்போல் மூன்று மடங்காக வளரும் உடம்புக்கு அது போதாது. ஆறாம் மாதத்துக்குப் பிறகு மிச்சம் உணவிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

வருகிறதா? ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இரத்தசோகை உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 50.7 விழுக்காட்டிலிருந்து 57.4 ஆக ஏறியதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னது. விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தை நம்பலாமா என்று அறிஞர்கள் சண்டையிட்டார்கள். நியாயமான சண்டைதான். ஆனால் சிரையிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதித்த 2016-18 தேசிய ஊட்டச்சத்து ஆய்விலும், நாடு முழுவதும் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 41 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. எந்தக் கணக்கை எடுத்தாலும் நிம்மதிக்கு வழியில்லை.

வெளிறிய கண்ணிமையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று காத்திருப்பது ஆபத்து. இரும்பு பற்றாத உடம்பு இருப்பதைச் சிவப்பணுக்களுக்கே முதலில் கொடுக்கும்; மூளை அதற்குப் பிறகுதான். அதாவது இரத்தம் குறையும்போது மூளை ஏற்கெனவே பட்டினி கிடந்திருக்கும். கோஸ்டாரிகாவில் ஆய்வாளர் பெட்ஸி லோசாஃப் குழுவினர், சிசுப் பருவத்தில் கடுமையான இரும்புக் குறை இருந்த குழந்தைகளைப் பத்தாண்டுகளுக்கும் மேல் தொடர்ந்து பார்த்தார்கள். மருந்து கொடுத்து இரத்தம் சரியான பிறகும், படிப்பிலும் நடத்தையிலும் அவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருந்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு மாநிலத்தின் முதலிடத்தில் நின்ற கன்னியாகுமரி மாவட்டம் கவலைப்பட வேண்டிய செய்தி இது.

இத்தனைக்கும் குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காய்ப்பட்டினத்திலும் இறங்கும் மீன், கூடையில் ஏறி உள்நாட்டு ஊர்களின் வாசலுக்கே வருகிறது. வீட்டில் எல்லாருக்கும் சாளைக் குழம்பு. பிள்ளைக்கு மட்டும் கிடையாது. மாந்தம் வரும், கரப்பான் வரும், முள் குத்தும் என்று ஒரு வயது, ஒன்றரை வயது என்று தள்ளிப்போடும் வீடுகள் ஏராளம். முள் பயம் மட்டும்தான் நியாயம்; கையால் பிசைந்து பார்த்துக் கொடுத்தால் அதுவும் தீரும். உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல், ஆறு மாதம் முதலே மீன், கறி, முட்டை போன்றவற்றைத் தினமும் கொடுக்கச் சொல்கிறது. மீன் இரும்பின் சுரங்கமல்ல. அந்தப் பெருமை ஈரலுக்கு. ஆனால் மீனில் உள்ள இரும்பு எளிதில் உடம்பில் சேரும். கூடவே பருப்பு, முருங்கைக்கீரையில் உள்ளதையும் சேர்த்துக் கொடுக்கும். மீன் சாப்பிடாத வீடுகளில் பருப்பு, கீரையோடு இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறாவது வேண்டும். பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருக்கின்றன என்பதற்குமேல் அவற்றில் இரும்பு பெரிதாக இல்லை. பிஸ்கட்டைக் கட்டன் சாயாவில் முக்கிக் கொடுப்பது கேடு. தேயிலை இருக்கிற இரும்பையும் சேரவிடாது. ஒரு வயதுக்கு முன் பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பதும் அப்படித்தான்.

அரசிடம் மருந்து இருக்கிறது. 2018-ல் தொடங்கிய இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்பு டானிக். மலம் கறுத்துப் போனதும் பயந்து நிறுத்திவிடுகிற தாய்மார் உண்டு. கறுப்பது இயல்பு என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் பாட்டில் அலமாரிக்குப் போயிருக்காது.

அரசுத் தடுப்பூசி அட்டவணையைப் பாருங்கள்: பதினான்காம் வாரத்துக்குப் பிறகு அடுத்த ஊசி ஒன்பதாம் மாதம். உணவு தொடங்கும் ஆறாம் மாதம் சரியாக இந்த இடைவெளிக்குள் விழுகிறது. தாயை ஊசிக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவழைக்க அப்போது எதுவுமில்லை. சுகாதாரத் துறை ஆறாம் மாதத்துக்கென்று ஒரு நாள் குறிக்கட்டும். டானிக் பாட்டிலை அன்றே கொடுக்கட்டும், மீனை எப்படி வேகவைத்துப் பிசைவது என்று செய்தும் காட்டட்டும். தாயோடு மாமியாரையும் அழையுங்கள். பல வீடுகளில் பிள்ளையின் கிண்ணத்தில் என்ன விழவேண்டும் என்பதை முடிவு செய்வது அவர்தான்.