அடுத்த பக்கத்தை எழுதிய பையன்

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரைப் பார்த்தவர்களுக்கு மைண்ட் ஃப்ளேயர் என்ற பெயர் பழக்கமாகியிருக்கும். ஊரைச் சூழும் கருநிழலுக்கு அந்தச் சிறுவர்கள் வைக்கும் பெயர் அது. தாங்கள் விளையாடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் பூதப் புத்தகத்தைப் புரட்டி, இதுதான் அது என்று ஒரு படத்தைக் காட்டுகிறான் ஒருவன். அந்தக் காட்சியை அந்தப் புத்தகத்துக்காகவே நான் மறுபடியும் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் அந்தப் புத்தக வரிசையைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதையை நடத்துவார், அவர் டிஎம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். குகைக்குள் நுழைகிறீர்கள், உள்ளே ஏதோ மூச்சு விடுகிறது என்பார் டிஎம். என்ன செய்வது என்று மற்றவர்கள் முடிவெடுப்பார்கள், பலித்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். மூச்சு விட்டது எது என்பதற்கு டிஎம் புரட்டுவதுதான் பூதப் புத்தகம்.

1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து வெளியான ஆட்டம் இது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். மூன்று ஆண்டுகள் கழித்து, 1977 இறுதியில், கெட்டி அட்டை போட்ட முதல் புத்தகம் வந்தது: கைகாக்ஸ் எழுதிய மான்ஸ்டர் மேனுவல். 112 பக்கம், 350-க்கும் மேற்பட்ட பூதங்கள். ஆடுபவர்களுக்கான விதிப் புத்தகம் 1978-இலும், டிஎம்முக்கான புத்தகம் 1979-இலும்தான் வந்தன. கெட்டி அட்டையில் முதலில் பூதங்கள், பிறகுதான் விதிகள். இந்த வரிசை எனக்குச் சரியாகவே படுகிறது. காட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே எதைக் கையில் எடுத்துக்கொண்டு போவது என்று யோசிக்க முடியும்?

ஒவ்வொரு பூதத்துக்கும் தலைப்பில் சில எண்கள். கவசம் எவ்வளவு, உயிர் எவ்வளவு, எத்தனை அடி அடிக்கும். சண்டைக்கு வேண்டிய கணக்குதானே என்று புதியவர்கள் தாண்டிவிடுவார்கள். நான் நிற்பது வேறு இரண்டு வரிகளில். ஒன்று, எத்தனை பேர் சேர்ந்து தென்படுவார்கள் என்பது. காப்ளின் என்ற குள்ளப் பூதத்துக்கு அங்கே 40 முதல் 400 வரை என்று போட்டிருக்கும். நானூறு பேர் என்றால் அது ஓர் ஊர். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தலைவன் யார், பக்கத்து ஊரோடு என்ன பகை என்றெல்லாம் கேள்வி எழத் தொடங்கிவிடும். இன்னொன்று, அவற்றை அவற்றின் பொந்திலேயே காண எத்தனை சதவீதம் வாய்ப்பு என்பது. ஓர்க் என்ற இனத்தின் குறிப்பில், பொந்தில் ஆண்களின் எண்ணிக்கையில் பாதியளவு பெண்களும், ஆண்களுக்குச் சமமான எண்ணிக்கையில் குழந்தைகளும் இருப்பார்கள் என்று எழுதியிருக்கிறது. ஆண்களை வென்று உள்ளே போனால் குழந்தைகள் நிற்கிறார்கள். இப்போது என்ன செய்வீர்கள்? அந்த ஒரு வரியால் எத்தனையோ மேசைகளில் ஆட்டம் நின்று வாக்குவாதம் தொடங்கியது. ஓர் இனமே பிறவியில் கெட்டது என்று எழுதலாமா என்ற கேள்வி பல பத்தாண்டுகள் ஓடியது. 2025 பிப்ரவரியில் வந்த புதிய மான்ஸ்டர் மேனுவலில் ஓர்க்குகளுக்கென்று தனிப் பக்கம் கிடையாது. அவர்கள் இப்போது ஆடுபவர் எடுத்துக்கொள்ளக்கூடிய மக்களில் ஒருவர். இந்த மாற்றத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

முதல் பூதங்கள் எங்கிருந்து வந்தன என்பது தனிச் சுவாரஸ்யம். கைகாக்ஸ் ஒரு மலிவுவிலைக் கடையில் ஹாங்காங்கில் செய்த பிளாஸ்டிக் பொம்மைகள் வாங்கினார். வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள் என்று பையில் எழுதியிருந்தாலும், எந்த யுகத்திலும் வாழ்ந்திராத உருவங்கள் அவற்றில் இருந்தன. அவற்றில் ஒன்று இரும்பைத் துருப்பிடிக்க வைத்துத் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டர் ஆனது. இன்னொன்று ஆந்தைத் தலையும் கரடி உடலும் கொண்ட அவுல்பேர். மைண்ட் ஃப்ளேயர் பிறந்தது பிரையன் லம்லியின் நாவல் ஒன்றின் அட்டைப்படத்தைப் பார்த்து. இப்படிக் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டு, நீ யார், எதைத் தின்பாய் என்று கேட்ட மனம் கைகாக்ஸுடையது. அந்தக் கேள்வியைப் படித்தவர்களும் கேட்கத் தொடங்கியதுதான் அடுத்த கதை.

லண்டனிலிருந்து 1977 முதல் வெளிவந்த ஒயிட் டுவார்ஃப் இதழில், வாசகர்கள் அனுப்பும் பூதங்களுக்கென்றே ஃபீண்ட் ஃபேக்டரி என்று ஒரு பகுதி இருந்தது. டான் டர்ன்புல் அதைத் தொகுத்தார். 1979-இல் அதற்கு எழுதியவர்களில் ஒருவர் சார்ல்ஸ் ஸ்ட்ராஸ். இன்று ஹ்யூகோ விருது பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர். பிறந்தது 1964-இல் என்பதால், அப்போது பள்ளிக்கூடப் பையன்.

அந்தப் பையன் செய்த காரியத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மைண்ட் ஃப்ளேயர்கள் பிறர் மனத்தை அடக்கி ஆள்பவர்கள் என்று புத்தகத்தில் இருக்கிறது. அப்படியானால் அவர்களுக்கு அடிமைகளாக இருந்தவர்கள் யார்? அந்த அடிமைகள் ஒருநாள் எழுந்திருந்தால்? கித் என்ற தலைவியின் பின்னால் திரண்டு, எசமானர்களைக் கொன்று விடுதலை பெற்ற ஓர் இனத்தை அவர் எழுதினார்: கித்யாங்கி. விடுதலை பெற்றவர்கள் நல்லவர்களாகிவிடவில்லை. வெள்ளி வாள் ஏந்தி வேற்றுலகங்களைச் சூறையாடுகிறார்கள். அவர்களை ஆளும், சாவைத் தாண்டிய அரசி, தனக்குப் போட்டியாக வளரக்கூடிய எந்த வீரனையும் உயிரோடு விடுவதில்லை. கூடவே, அவர்களிலிருந்து பிரிந்துபோன கித்செராய் என்ற பங்காளிகளும் உண்டு. அடிமைத்தனம், விடுதலை, விடுதலைக்குப் பிறகான கொடுங்கோல், உடைந்த குடும்பம், எல்லாம் ஓரிரு பக்கங்களுக்குள். பெயரை மட்டும் 1977-இல் வந்த, ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் முதல் நாவலிலிருந்து எடுத்துக்கொண்டார். பூதப் பக்கம் ஒன்றைப் படித்துவிட்டு அதற்கு அடுத்த பக்கத்தை எழுதினார் அவர். அந்தப் பக்கத்தின் பேரப்பிள்ளைதான் 2023-இல் உலகெங்கும் விளையாடப்பட்ட பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டில் வரும் லேசெல்.

இந்த வாசகர் பூதங்களையும் இன்னும் பலவற்றையும் சேர்த்து டர்ன்புல் 1981-இல் ஃபீண்ட் ஃபோலியோ என்று புத்தகமாகக் கொண்டுவந்தார். அட்டையிலேயே கித்யாங்கி. உள்ளே ரஸ் நிக்கல்சனின் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள், எலும்பும் நரம்பும் தெரியும்படி. எனக்குத் தெரிந்த பூதப் புத்தகங்களில் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். சமச்சீரான புத்தகம் என்று சொல்லமாட்டேன். வெளிவந்த ஆண்டிலேயே டிராகன் என்ற இதழில் எட் கிரீன்வுட் என்பவர் அதைக் கடுமையாக விமர்சித்தார், பல பூதங்களுக்கு வாழ்வே இல்லை என்ற குறையில் நியாயமும் இருந்தது. நெடுநாள் கேலிக்கு ஆளானது ஃபிளம்ஃப். காற்றில் மிதக்கும் ஜெல்லிமீன், நல்ல குணம், குப்புறக் கவிழ்த்தால் எழ முடியாது. கேலி செய்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கான கொடிய பூதங்களுக்கு நடுவே நல்ல மனத்தோடு ஒன்றை எழுதி அனுப்பியிருக்கிறார்கள் யாரோ. 2014-இன் மான்ஸ்டர் மேனுவலில் ஃபிளம்ஃப் திரும்ப வந்தபோது, பாதாளத்தில் மைண்ட் ஃப்ளேயர்களின் எண்ணங்களை ஒட்டுக்கேட்டு மற்றவர்களை எச்சரிக்கும் உயிராக வந்தது. மறுபடியும் யாரோ அடுத்த பக்கத்தை எழுதியிருந்தார்கள்.

இடையில் வந்தவை பல. 1989-இல் தாள்களைத் தனித்தனியாகக் கோப்பில் கோத்துக்கொள்ளும்படி ஒரு பதிப்பு வந்தது. அகர வரிசையில் புதிய பூதங்களைச் செருகிக்கொண்டே போகலாம் என்ற நல்ல எண்ணம். ஒரே தாளின் இருபுறமும் வெவ்வேறு பூதங்களை அச்சிட்டதில் அந்த வரிசை குலைந்தது. 2015-இல் பேட்ரிக் ஸ்டூவர்ட்டும் ஸ்கிராப் பிரின்சஸும் ஃபயர் ஆன் தி வெல்வெட் ஹொரைசன் என்று எண்களே இல்லாத பூதப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். படமும் உரைநடையும் மட்டும். கணக்கைப் படிப்பவரே போட்டுக்கொள்ள வேண்டும். துணிச்சலான புத்தகம்.

2000-இல் இந்த ஆட்டத்தின் விதிகளை யாரும் பயன்படுத்தலாம் என்று உரிமம் திறக்கப்பட்டது. ஆனால் சில பூதங்கள் மட்டும் ஆட்டத்தை வெளியிடும் நிறுவனத்தின் சொத்து என்று வேலி போட்டார்கள். மைண்ட் ஃப்ளேயர் அந்த வேலிக்குள். பள்ளிக்கூடப் பையன் எழுதிய கித்யாங்கியும் உள்ளே. வாசகர்கள் கொடுத்துக் கொடுத்து வளர்ந்த ஒன்றை இப்படி அடைப்பது நியாயம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2023 ஜனவரியில், அந்த உரிமத்தை மாற்றும் முயற்சிக்கு ஆடுபவர்கள் காட்டிய பெரும் எதிர்ப்புக்குப் பிறகு, அடிப்படை விதிகளும் அவற்றோடு நூற்றுக்கணக்கான பூதங்களும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவுக்கு வந்தன. எடுக்கலாம், மாற்றலாம், அச்சிட்டு விற்கலாம்.

அப்படிப் பொதுவுக்கு வந்தவர்களில் ராட்சசனும் ஒருவன். இந்த ஆட்டத்துக்கு அவன் 1975-லேயே வந்துவிட்டான், நேராக இந்தியாவிலிருந்து அல்ல. அதற்கு முந்தைய ஆண்டு கோல்சாக் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ராட்சசன் வரும் அத்தியாயம் ஒன்று ஒளிபரப்பானது. எதிரில் இருப்பவர் நம்பும் மனிதரின் உருவில் வருவான், மந்திரித்த அம்பைக் குறுக்குவில்லில் பூட்டி எய்தால் சாவான். இரண்டும் அப்படியே ஆட்டத்துக்குள் வந்தன. மான்ஸ்டர் மேனுவலில் டேவிட் டிராம்பியர் அவனுக்குப் புலித்தலை வரைந்து, கையில் புகைக்குழாய் கொடுத்தார். அந்தப் படம் அவ்வளவு கம்பீரம். அதன் பிறகு அந்த ஆட்டத்தில் ராட்சசன் என்றால் புலித்தலைதான் என்றாகிவிட்டது. டிராம்பியர் 1988 வாக்கில் ஓவியத்தையே விட்டு விலகி, இல்லினாய் மாநிலத்தின் கார்பண்டேல் நகரில் டாக்சி ஓட்டி வாழ்ந்தார், 2014-இல் இறந்தார்.

புலித்தலையில் எனக்கு வருத்தமில்லை. எடுத்ததை மாற்றுவதுதானே இந்தப் புத்தகங்களின் வழக்கம். குறை அந்த அம்பில் இருந்தது. எல்லா ராட்சசனுக்கும் ஒரே சாவு. புத்தகத்தை ஒருமுறை படித்த யாருக்கும் அந்த ரகசியம் தெரிந்துவிடும், மேசையில் அதன் பிறகு தேட எதுவும் இல்லை. இராமாயணத்தின் இராவணன் அப்படிப்பட்டவனா? தவம் செய்து வரம் வாங்கினான். தேவர் கையால் சாகக்கூடாது, கந்தர்வர் கையால் சாகக்கூடாது என்று அடுக்கினான். மனிதரை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் விட்டுவிட்டான். அவன் சாவு அவன் செருக்கில் ஒளிந்திருந்தது.

ஆகவே, பொதுவுக்கு வந்த அந்தப் பக்கத்தை யாராவது எடுத்துத் திருத்தி எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். எண்கள் இருந்துவிட்டுப் போகட்டும், புலித்தலையும் இருக்கட்டும். எந்த ஆயுதம் அவனைக் கூடுதலாகத் தாக்கும் என்று இன்னும் இருக்கும் வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மூன்று கேள்விகள் போடுங்கள்: இவன் யாரிடம் வரம் வாங்கினான், என்ன கேட்டான், யாரை மதிக்காமல் விட்டான்? விடைக்கான இடம் வெற்றாக இருக்கட்டும், ஒவ்வொரு மேசையின் டிஎம்மும் தன் ராட்சசனுக்கு ஏற்றபடி எழுதிக்கொள்ள.