மேஜை உயரத் தடையும் நம் வீட்டுப் பெண்ணும்

சகோதரிகளே, உங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜை இருந்தால் ஒரு தடவை நாடாவை வைத்து அளந்து பாருங்கள். முப்பது அங்குலம் இருக்கும். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நிறுத்தி வைக்கிற தடையும் அதே உயரந்தான். கணக்காகச் சொன்னால் 76.2 சென்டிமீட்டர். 100 மீட்டர் தடை ஓட்டத்தில் அது இன்னும் மூன்று அங்குலம் கூடுதல், ஏறக்குறைய நம் சமையல் மேடை உயரம். இரண்டிலும் பத்துத் தடைகள். இதை எங்கள் முத்தியால்பேட்டைப் பெண்களிடம் சொன்னால் யாரும் நம்பவில்லை. "பரண்மேல இருக்கிற டப்பாவை எடுக்கவே எனக்கு மூச்சு வாங்குதுக்கா!" என்றாள் ஒருத்தி.

பேச்சு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் 200 மீட்டரும் தடை ஓட்டமும் ஓடியவள். "பிளஸ் டூவோட ஓட்டமெல்லாம் போதும். இனிமே காலேஜுக்குப் போனோமா, வந்தோமான்னு இருக்கட்டும்" என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு இரண்டு மனசு. தடை ஓட்டத்தைப் பொறுத்தவரை, நிறுத்துகிற வயசு அது இல்லை. முளை விடுகிற வயசே அதுதான் என்பது என் கட்சி.

எம்.டி. வல்சம்மாவைப் பாருங்கள். கேரளத்தில் கண்ணூர் ஜில்லாக்காரர். நம் புதுச்சேரியைச் சேர்ந்த மாஹேயை ஒட்டிய ஜில்லா அது. படிக்கப் போன பாலக்காடு மெர்சி கல்லூரியில்தான் அவருடைய ஓட்ட வாழ்க்கை சூடு பிடித்தது. 1979-ல் புனேயில் நடந்த பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டியில் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் பதக்கம் வாங்கினார். பிறகு தெற்கு ரயில்வேயில் வேலை. 1982 டில்லி ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 58.47 வினாடியில் ஓடித் தங்கம்! கல்லூரிப் பதக்கத்துக்கும் அதற்கும் நடுவே மூன்றே வருஷம்.

மாஹேக்குத் தெற்கே பய்யோலி. பி.டி. உஷாவை யாருக்குத்தான் தெரியாது? 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அவர் ஓடியது 55.42 வினாடி. வெண்கலம் வாங்கிய ருமேனியப் பெண்ணுக்கு 55.41. ஒரு வினாடியை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு! கண் சிமிட்டக்கூட அதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். அன்று தங்கம் வாங்கிய மொராக்கோ நாட்டு நவால் எல் முத்தவக்கல் யார் தெரியுமா? அமெரிக்காவில் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவி. அவரும் காலேஜுக்குப் போனார், வந்தார். நடுவே ஓடவும் செய்தார்!

உஷாவின் அந்த 55.42-ஐ நம் நாட்டில் யாருமே எட்டாமல் எத்தனை வருஷம் கிடந்தது! கோயம்புத்தூரில் வண்டி ஓட்டிக் குடும்பம் நடத்தியவரின் இரட்டைப் பெண்கள் வித்யாவும் நித்யாவும். இருவரும் தடை ஓட்டக்காரர்கள். சென்னையில் நேபால் சிங் ராத்தோரிடம் பயிற்சி பெற்றவர்கள். 2023 செப்டம்பரில் சண்டிகரில் வித்யா ஓடியது 55.43. மறுபடி அந்தப் பாழாய்ப்போன நூறில் ஒரு பங்கு! அடுத்த மாதமே, அக்டோபர் 2-ந் தேதி, சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தகுதிச் சுற்றில் 55.42. முப்பத்தொன்பது வருஷம் கழித்து உஷாவுக்குச் சமமாய் ஒரு தமிழ்நாட்டுப் பெண்! மறுநாள் இறுதிப் போட்டியில் வெண்கலம். தொடர் ஓட்டங்களில் இரண்டு வெள்ளி. அப்போது வித்யாவுக்கு வயது 25. பதினேழு வயசில் வீட்டில் உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஏன் இத்தனை வருஷம் பிடிக்கிறது? இது வெறும் வேகம் இல்லை, கணக்கு. 400 மீட்டரில் இரண்டு தடைக்கு நடுவே 35 மீட்டர். அதை 15 எட்டில் கடந்தால் ஒவ்வொரு தடையிலும் ஒரே கால் முன்னே போகும். பாதி தூரத்துக்கு மேல் களைப்பில் எட்டு சுருங்கும். 16 ஆகிவிட்டால் மாற்றுக்கால் முன்னே வர வேண்டும். அதனால் இரண்டு காலையும் பழக்க வேண்டும். புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளி பிசகினால் கடைசி வரை இழுத்துக்கொண்டு போகுமே, அதே கதைதான். இன்னொன்று: தடை தட்டி விழுந்தால் பிள்ளை தோற்றுவிட்டாள் என்று பதறாதீர்கள். வேண்டுமென்று தள்ளாதவரை, இடறி விழுவது குற்றமில்லை. நேரந்தான் கொஞ்சம் போகும்.

நம் பங்கு அடுப்படியில் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்த பெண்ணை ஓடச் சொன்னால் எப்படி ஓடுவாள்? முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, மீன் எது முடியுமோ கொடுங்கள். கீரை சமைத்த அன்று எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள். இரும்புச்சத்து உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு காப்பி கொடுத்தால் அது கெடும், ஒரு மணி நேரம் போகட்டும்.

ஓடுகிற பெண்ணுக்கு மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் நின்றால், "ஓட்டத்தால வந்ததுதானே" என்று விடாதீர்கள். பெரும்பாலும் உழைப்புக்கேற்ற சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம். எலும்பு பலவீனமாகும். டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். மற்றபடி, அந்த நாட்களில் ஓடவே கூடாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. அவளுக்கு முடிந்தால் ஓடட்டும், வலித்தால் உட்காரட்டும்.

முழங்காலில் சிராய்ப்பு இல்லாத தடை ஓட்டக்காரி கிடையாது. மஞ்சளையும் காப்பிப் பொடியையும் அப்பாமல், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய தடுப்பூசி போட்டாயிற்றா என்று பழைய அட்டையை எடுத்துப் பாருங்கள்.