எதிரொலி எங்கே போயிற்று?

“வால்வு ஒலிபெருக்கியில் கிற்றாரின் எதிரொலி நின்றுவிட்டது, புதுச் சுருள்விற்பெட்டி வாங்கவா?” என்கிறார் மாணவர் ஒருவர். சற்றுப் பொறுப்பாராக!

1963இல் பென்டர் நிறுவனம் ‘வைப்ரோவேர்ப்’ ஒலிபெருக்கியினுள்ளேயே எதிரொலிக்கெனச் சுருள்விற்களை அமைத்தது. இத்தகைய கருவியில் எதிரொலித் திருகை உயர்த்தி, பெட்டியை மெல்ல அசைத்துப் பார்ப்போம். இடிபோன்ற ஓசை எழுந்தால் ஒலியை மீட்கும் பகுதி நலமே; பழுது விற்களை இயக்கும் பகுதியில். மின்னிணைப்பைக் கழற்றி, சூடாறியபின் அதன் கம்பியையும் வால்வையும் மாற்றிப் பார்க்கலாம். பல பென்டர் கருவிகளில் அவ்வால்வு 12ஏடி7 ஆகும். ஓசையே எழாவிடின், பெட்டியிலிருந்து திரும்பும் கம்பியை முதலில் ஐயுறுக.

எதிரொலி கறிக்கு உப்புப்போன்றது. மிகுந்தால் இசையின் தெளிவு கெடும்.

ஒன்று மட்டும் மறவற்க: மின்னிணைப்பைக் கழற்றிய பின்னரும் உள்ளேயுள்ள கொள்ளளவிகளில் 400 வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் தங்கியிருக்கலாம். அஃது உயிரைக் குடிக்கும். உட்பகுதியைத் தொழிலறிந்தவரிடமே ஒப்படைப்போம்.