பந்தியில் விரயமாகும் அன்னம்

2022ஆம் ஆண்டில் உலகெங்கும் வீடுகளிலும் உணவகங்களிலும் கடைகளிலுமாக விரயமான உணவு ஏறத்தாழ 105 கோடி டன் என்றும், நுகர்வோருக்குக் கிடைக்கும் உணவில் அது ஐந்தில் ஒரு பங்கு என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் கணக்கிட்டுச் சொன்னது. அதில் பெரும்பகுதி வீடுகளில் நேர்வதாயினும், விரயத்தின் காரணங்கள் ஒளிவுமறைவின்றிப் புலப்படும் இடம் நம் கல்யாணப் பந்தியே.

இலையில் மிச்சம் வைத்து எழுபவரைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் அவர் வந்து அமர்வதற்கு முன்னரே, அவருடைய பசியையோ விருப்பத்தையோ தேக நிலையையோ வினவாமல், இனிப்பும் பொரியலும் கூட்டும் வடையும் இலை நிறையப் பரிமாறப்பட்டிருக்க, காலைப் பலகாரம் உண்டு இரண்டு மணி நேரம்கூட ஆகாத அவர், அடுத்த பந்திக்காகப் பின்னால் நிற்பவர்களுக்கு இடம்விட வேண்டிய அவசரத்தில், என்னதான் செய்வார்?

அதற்கும் முந்திய காரணம் சமையற்கட்டில் இருக்கிறது. இத்தனை இலைக்கு இவ்வளவு என்று முன்பே பேசி முடித்துவிடுவதால், உணவு மீந்தால் சமையல் காண்டிராக்டருக்கு நஷ்டமில்லை. குறைந்தால் மட்டுமே அபவாதம். வீட்டாருக்கோ குறைவது மானக்கேடு, மிகுவது கௌரவம். ஒரே முகூர்த்தத்தில் பல அழைப்பிதழ் பெற்றவர் தாம் வரப்போவதில்லை என்று சொல்வதுமில்லை. ஆகவே இரு தரப்பாரும் அச்சத்தால் அதிகமாகவே கணக்கிடுகிறார்கள்.

மீந்ததை அநாதை இல்லத்துக்கு அனுப்பிவிடுவது புண்ணிய காரியமே. உபரி உணவைச் சேகரித்து வழங்குவதற்கு நம் நாட்டில் 2019ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகளும் உள்ளன. ஆயினும் சோறும் சாம்பாரும் நம் வெப்பத்தில் வெகுநேரம் தாங்கா. இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தால் உண்பதற்கு அங்கே யார் விழித்திருப்பார்கள்? முன்கூட்டியே பேசிவைத்து, இலைக்கு வராமல் பாத்திரத்திலேயே மீந்ததைச் சுடச்சுட அனுப்பினால்தான் அது தானம். அதனினும் மேலானது, மிகாதபடி சமைப்பது. விருந்தினர் அமர்ந்தபின் கேட்டுப் பரிமாறுவதும், பதார்த்தங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும், பந்திக்குப் பந்தி ஆள் கண்டு உலை வைப்பதும், உண்ட இலைகளை எண்ணிப் பணம் தீர்க்குமாறு ஒப்பந்தத்தை மாற்றுவதும் யாருக்கும் அசாத்தியமல்ல.

1965இல், உணவுப் பஞ்சம் நெருக்கிய வேளையில், வாரம் ஒருவேளை உணவைத் துறக்குமாறு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வேண்டியபோது எண்ணற்ற குடும்பங்கள் மனமுவந்து இசைந்தன. இன்று எவரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பகட்டைச் சற்றே துறந்தால் போதும். அதைத் தொடங்கும் கடமை செல்வர்களுக்கே உரியது. ஏழை ஒரு பதார்த்தத்தைக் குறைத்தால் கஞ்சத்தனம் என்று ஏசும் ஊர், செல்வர் குறைத்தால் அதையே வழக்கமாக ஏற்றுக்கொள்ளும்; கடன் வாங்கிப் பந்தி நடத்தும் எத்தனையோ பெற்றோருக்கும் அதனால் விமோசனம் கிட்டும்.