பெட்டிக்குள் எத்தனை மணி நேரம்?



கடையில் அரை கிலோ பருப்பு வாங்கினாலும் தராசு முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து வாங்குகிறவர்கள் நாம். ஆனால் மூவாயிரம் வெள்ளி கொடுத்து மின்சாரத்தைப் பெட்டியில் வாங்கும்போது, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று கேட்பவர் எத்தனை பேர்? இந்த இதழில் அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன். இது என் சொந்த அக்காளின் மூச்சோடு சம்பந்தப்பட்ட கதை. ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

என் அக்காள் கிள்ளானில் மகன் வீட்டில் இருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். இப்போது நுரையீரல் பலவீனமாகிவிட்டது. மூக்கில் சிறு குழாயை மாட்டிக்கொண்டு, பிராணவாயு இயந்திரத்தின் துணையோடு காலம் தள்ளுகிறார். அந்த இயந்திரம் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிரித்துத் தள்ளிவிட்டுப் பிராணவாயுவை மட்டும் கொடுக்கிறது. மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். அந்த நேரத்துக்கென்று வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று கட்டில் ஓரம் நிற்கிறது.

சென்ற பள்ளி விடுமுறையில் நான் போயிருந்தபோது, பிரிக்பீல்ட்ஸில் வேலை செய்யும் அக்காள் மகன் ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான். 'போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்' என்று கடைகளில் விற்கிறார்களே, அதுதான். நம் வீட்டுத் தமிழில் பேட்டரிப் பெட்டி என்று வைத்துக்கொள்வோம்.

"சின்னம்மா, இனிமே கரண்டு போனா கவலையே இல்ல. ராத்திரி பூரா ஓடும்னு கடைக்காரர் சொன்னாரு. சிலிண்டரத் திருப்பிக் கொடுத்துடலாம். மாசா மாசம் வாடகை மிச்சம்!"

பிள்ளை தாய்க்காகச் செய்த செலவு. குறை சொல்ல மனம் வருமா? ஆனாலும் வாத்தியார் வேலை பார்த்த வாய் சும்மா இருக்குமா?

"தம்பி, பெட்டியில என்ன எண் போட்டிருக்கு? அம்மாவோட மிஷின் பின்னால என்ன எண் போட்டிருக்கு? ரெண்டையும் படிச்சுச் சொல்லு."

பெட்டியில் 1,000 வாட் மணி என்றிருந்தது. இயந்திரத்தின் பின்னால் 350 வாட் என்றிருந்தது. ஒரு தாளை எடுத்து, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது போன்ற ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டேன். கணக்கின் விடையைப் பார்த்ததும் பையனின் முகம் வெளுத்துவிட்டது.

அந்தக் கணக்கை நீங்களும் போடலாம். அதற்கு முன் இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். லயத்து வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். தொட்டியில் இருக்கும் தண்ணீர்தான் 'வாட் மணி'. அதில் பொருத்தியிருக்கும் குழாயின் அகலம்தான் 'வாட்'. தொட்டி எவ்வளவு பெரிதானாலும் குழாய் சிறிதென்றால் பெரிய பாத்திரம் சீக்கிரம் நிறையாது. குழாய் எவ்வளவு பெரிதானாலும் தொட்டி சிறிதென்றால் நொடியில் வற்றிப்போகும். பெட்டியில் இந்த இரண்டு எண்களும் இருக்கும். இரண்டையும் படிக்க வேண்டும்.

தொட்டித் தண்ணீர் அத்தனையும் நம் குடத்துக்கு வந்துவிடுவதில்லை. பேட்டரியில் இருப்பது நேர் மின்சாரம். நம் வீட்டுச் சாமான்களுக்கு வேண்டியது மாறு மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வேலையில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. ஆகையால் 100க்கு 85 நம் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வது பத்திரமான கணக்கு. 1,000 வாட் மணிப் பெட்டியில் 850தான் நமக்கு. அதை 350ஆல் வகுத்தால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்!

இராத்திரி முழுதும் எங்கே, இரண்டரை மணி நேரம் எங்கே?

அக்காளைக் கவனிக்கும் தாதியிடம் கேட்டுக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் சோதித்துப் பார்த்தோம். வீட்டில் மின்சாரம் இருந்தது. சிலிண்டர் பக்கத்திலேயே தயாராக நின்றது. பெட்டியில் இயந்திரத்தைச் செருகிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 2 மணி 20 நிமிடத்தில் பெட்டி 'பீப்' என்று கூவி ஓய்ந்தது. உடனே இயந்திரத்தைச் சுவர்ச் செருகிக்கு மாற்றினோம். அந்தச் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்திருந்து, நள்ளிரவில் மின்சாரம் போயிருந்தால்? நினைக்கவே நெஞ்சு படபடக்கிறது.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் மனத்தில் இருந்தது மின்விசிறியும் விளக்கும். ஒரு நின்றாடும் விசிறி 50 வாட், இரண்டு எல்.இ.டி. விளக்குகள் 18 வாட், இணைய மோடம் 10 வாட் என்று கூட்டினால் 80 வாட்கூட வராது. அதே பெட்டி இவற்றைப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டும். விடியும்வரை தாங்கும். ஒரே பெட்டிதான். ஒரு வீட்டுக்கு விடியும்வரை வரும். இன்னொரு வீட்டுக்கு ஒரு தமிழ்ப் படம் முடியுமுன் தீர்ந்துவிடும். எனவே பெட்டி நல்லதா, கெட்டதா என்ற கேள்வியைக் கடையில் கேட்டுப் பயனில்லை. உங்கள் வீட்டு இரவுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை வீட்டிலேயே கணக்குப் பார்த்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும்.

இப்படிக் கணக்குப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல, நண்பர்களே! கோலலங்காட் பக்கத்துத் தோட்டத்தில் நான் வளர்ந்த காலத்தில், மாலை ஆறு மணிக்கு இஞ்சின் ஓடும். பத்து மணிக்கு நின்றுவிடும். அதற்குள் என் தாயார் பள்ளிச் சட்டையை இஸ்திரி போட்டு முடிப்பார். நாங்கள் வீட்டுப்பாடம் எழுதி முடிப்போம். பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே அரிக்கன் விளக்கு துடைத்துத் தயாராக இருக்கும். 1996 ஆகஸ்ட் 3ஆம் நாள் மாலை, திரெங்கானுவில் பாகா மின்நிலையப் பக்கம் ஏற்பட்ட கோளாறினால் தீபகற்ப மலேசியா முழுவதும் இருண்டு போனது. கோலாலம்பூரே மெழுகுவத்தி தேடிய அந்த மாலையில், எங்கள் லயத்தில் வழக்கம்போல் ஆறு மணிக்கு விளக்கு எரிந்தது! எங்கள் இஞ்சினுக்கு நாட்டு மின்கம்பியோடு உறவில்லை அல்லவா? அன்று எங்களுக்குத் தலைகால் புரியாத பெருமை. இப்போது நினைத்தால், இஞ்சினைவிட, நான்கு மணி நேரத்தை நான்கு மணி நேரமாகவே எண்ணத் தெரிந்த என் தாயாரின் கெட்டிக்காரத்தனம்தான் பெரிதாகத் தெரிகிறது.

பட்டணத்துக்கு வந்தபின் அந்த எண்ணும் பழக்கம் நம்மை விட்டுப் போய்விட்டது. சுவரில் செருகினால் வரும் என்று இருந்துவிட்டோம். 2021 டிசம்பர் 18ஆம் நாள் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் ஏறியபோது என்ன நடந்தது என்பதை நாம் மறக்க முடியுமா? மின்சாரம் இல்லாமல், மாடியிலும் கூரையிலும் மக்கள் படகுக்குக் காத்திருந்தார்கள். கைப்பேசியில் கடைசிக் கோடு அணையும்போது, உதவி கேட்கும் குரலும் அணைந்துவிடுகிறது. ஒரு கைப்பேசியை முழுதாக நிரப்ப 15 முதல் 20 வாட் மணி போதும். சிறிய பெட்டி ஒன்று மாடியில் இருந்திருந்தால் ஒரு வரிசை வீடுகளின் கைப்பேசிகளே உயிரோடு இருந்திருக்கும். வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

சரி, வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலாவது, அளவு. எடுத்துக்காட்டாக, எக்கோஃப்ளோ நிறுவனத்தின் 'ரிவர் 2' பெட்டி 256 வாட் மணி. எடை மூன்றரை கிலோ. அதே நிறுவனத்தின் 'டெல்டா 2' 1,024 வாட் மணி. எடை 12 கிலோ. முன்னது விளக்குக்கும் கைப்பேசிக்கும் உகந்தது. பின்னது விசிறியோடு ஓர் இரவைத் தாங்கும். மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவர் யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, குழாயின் அகலம். தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கெண்டி 2,000 வாட் கேட்கும். 1,800 வாட் பெட்டி அதைச் சுமக்காது. குளிர்பதனப் பெட்டி ஓடும்போது 100 வாட் கேட்டாலும், தொடங்கும் அந்த நொடியில் பல மடங்கு கேட்கும். அந்த நொடி வேகத்தைப் பெட்டி தாங்குமா என்று கேளுங்கள். சூடாக்குகிற சாமான் எதையும் பேட்டரியில் போடாமலிருப்பதே புத்திசாலித்தனம். சோற்றுக்குக் கேஸ் அடுப்பு இருக்கிறது.

மூன்றாவது, உள்ளே இருக்கும் பேட்டரியின் வகை. 'லித்தியம் இரும்பு பாஸ்பேட்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மற்ற லித்தியம் வகைகளைவிட இது எளிதில் தீப்பற்றாது; ஆயுளும் கூடுதல். மூவாயிரம் முறை நிரப்பிக் காலி செய்யலாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். இந்த வகையை 1997இல் உலகுக்கு அறிவித்த ஆய்வுக் கட்டுரையில் பேராசிரியர் ஜான் குடினஃப் பெயரோடு பாதி, நஞ்சுண்டசாமி என்று நம் இந்திய மண்ணின் பெயர்கள் இரண்டும் இருக்கின்றன. லித்தியம் பேட்டரிக்கு ஆற்றிய பணிக்காகக் குடினஃப் 2019இல் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 97!

நான்காவது, 'பியூர் சைன் வேவ்' என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். அதாவது, சுவரிலிருந்து வருவது போன்ற சீரான மின்னலை. இல்லாவிட்டால் மோட்டார் உள்ள சாமான்களும் மருத்துவ இயந்திரங்களும் முனகும், சூடேறும். நம் நாட்டு மூன்று முனைச் செருகி நேராகப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

முகாமுக்குக் கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பள்ளிச் சாரணர்களோடு மோரிப் கடற்கரைக்குப் போனபோது சிறிய பெட்டி ஒன்றை எடுத்துப் போனோம். மூன்று விளக்குகள் இரவு முழுதும் எரிந்தன. இரண்டாம் நாள் சூரியத் தகட்டில் நிரப்பிக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தோம். 100 வாட் தகடு என்றால் நல்ல வெயிலில் 70 வாட் கொடுத்தால் பெரிது. அன்று மத்தியானமே மேகம் கூடிவிட்டது! மர நிழலில் வைத்த தகட்டால் பயனே இல்லை. ஆகவே வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போங்கள். வெயிலில் கிடைப்பதை இலாபமாக வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் பெட்டியை விட்டுவிடாதீர்கள். சூடு பேட்டரியின் ஆயுளைக் குடித்துவிடும்.

பெட்டி வேண்டாம், பெட்ரோல் ஜெனரேட்டர் மலிவு என்று நினைப்பவர்களும் உண்டு. திறந்த வெளியில், சன்னலுக்குத் தள்ளி வைக்க இடமிருந்தால் சரி. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் பால்கனியிலோ, சமையற்கட்டிலோ அதை ஓட்டுவது குடும்பத்தோடு விஷம் குடிப்பதற்குச் சமம். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடுவார். அதுபோல, பெட்டியானாலும் ஜெனரேட்டரானாலும், அதன் மின்சாரத்தை ஒயர் வைத்து வீட்டுச் சுவர்ச் செருகிக்குள் திருப்பி அனுப்பாதீர்கள். வெளியே கம்பியைப் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிருக்கு அது எமன். வெள்ளத்தில் நனைந்த பெட்டியைக் காயவைத்துப் போட்டுப் பார்க்கவும் கூடாது.

இனி அக்காள் வீட்டுக்கு வருவோம். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சிலிண்டரையும் திருப்பிக் கொடுக்கவில்லை. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். மின்சாரம் போனதும் இயந்திரத்தைப் பெட்டியில் செருகு. மின் வாரியத்தின் 15454 எண்ணுக்குப் போன் செய்து எப்போது வரும் என்று கேள். பெட்டியின் கணக்கு பாதிக்கு இறங்கும்போது இன்னும் மின்சாரம் வரவில்லையென்றால், சிலிண்டரை மாட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்படு. இவ்வளவுதான். பெட்டி வாங்கித் தந்தது இரண்டு மணி நேர அவகாசம். அந்த அவகாசத்தில் என்ன செய்வது என்று தெரிந்திருந்தால் அது மூவாயிரம் வெள்ளிக்கு மேல் பெறும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியை நிரப்பி, ஓட்டிப் பார்க்கும் பொறுப்பை அக்காள் மகனிடம் ஒப்படைத்திருக்கிறேன். போனமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அவனே போன் செய்தான். "சின்னம்மா, ரெண்டு மணி இருபத்திரண்டு நிமிசம்!" என்றான். நிமிடம் வரைக்கும் எண்ணியிருக்கிறான். என் தாயார் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

வாசகர்களே, இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். மின்சாரம் போனால் எது இல்லாமல் நம்மால் முடியாது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். அதன் பின்புறம் உள்ள வாட் எண்ணையும், எத்தனை மணி நேரம் வேண்டும் என்பதையும் பக்கத்தில் எழுதிப் பெருக்கிக் கூட்டுங்கள். வருகிற தொகையை 0.85ஆல் வகுத்தால் உங்களுக்கு வேண்டிய பெட்டியின் அளவு கிடைக்கும். சில வீடுகளுக்கு இருநூறு வெள்ளி டார்ச் விளக்கும் பவர் பேங்கும் போதும் என்று அந்தத் தாளே சொல்லிவிடும். மிச்சப்படும் பணம் பிள்ளைகளின் படிப்புக்கு ஆகட்டும்!