கதவினுள் இறங்கும் மழை

1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனர், பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதலாவது பிரித்தானியக் கார் என்னும் பெருமை பெற்றது. எமது வீதிகளில் இன்றும் அவ்வண்டிகளைக் காண்கின்றோம். இயந்திரத்தைச் செவ்வையாகப் பேணுவோரின் வண்டிகளிலுங்கூட, கதவின் உட்புறப் பலகை ஊதிப் பெருத்து, றெக்சின் உரிந்து தொங்குவதுண்டு. புதுப் பலகை பூட்டினாலும் இரண்டொரு மாரியில் அதே கதிதான். பழியோ பலகை மீதும், வேலை செய்தவர் மீதும் விழுகின்றது.

உண்மையில் இக்கேட்டைச் செய்வது மழைநீரே. கண்ணாடி ஏறி இறங்கும் இடைவெளியால் நீர் கதவினுள் இறங்குவது இயல்பு. அது வெளியேறுவதற்கெனவே கதவின் அடியில் சிறு துளைகள் உள்ளன. அவை மண்ணால் அடைபட்டால் நீர் தேங்கும், தகடு துருப்பிடிக்கும், ஈரம் பலகையில் ஊறும்.

ஆகவே, புதுப் பலகை செய்ய விரும்புவோர் முதலில் அத்துளைகளைக் கம்பியால் குத்தித் துப்புரவாக்குதல் வேண்டும். கண்ணாடியின் வெளிப்புறமாக ஒரு செம்பு நீரை ஊற்றினால், அது அடியில் ஒழுகிவிட வேண்டும்.

பழைய பலகையை எறிந்துவிடலாகாது. அதனையே அச்சாக வைத்துப் புதுப் பலகையில் வரைந்து கொள்ளலாம். அவ்வச்சைப் புரட்டி வைத்தால் எதிர்ப்பக்கக் கதவுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள, ஈரந் தாங்கும் ஒட்டுப்பலகை ஏற்றது. கைபிடிகளுக்கான துளைகளை இட்ட பின்னர், இருபக்கமும் வார்னிஷ் பூசுதல் வேண்டும். விளிம்புகளையும் துளைகளின் உட்சுற்றையும் மறத்தலாகாது. ஈரம் முதலிற் புகுவது அவ்வழியாலேயே. நன்கு காய்ந்ததும் றெக்சினைச் சுருக்கமின்றி இழுத்து, பின்புறம் மடித்து ஒட்டலாம்.

பலகையைப் பூட்டுமுன், கதவுத் தகட்டின்மேல் பொலித்தீன் தாள் ஒன்றை ஒட்டுதல் இன்றியமையாதது. தாளின் கீழ்முனையைக் கதவின் உட்குழியினுள் செருகிவிட்டால், வழியும் நீர் பலகையைத் தீண்டாது துளைகளை நோக்கிச் செல்லும்.

இத்தாளின் விலை சொற்பம். பூட்டிய பின் எவர் கண்ணிலும் படாது. ஆயினும், றெக்சினுக்குச் செலவிட்ட பணம் நிலைப்பதும் வீணாவதும் பெரும்பாலும் இதனிலேயே தங்கியுள்ளது. வண்டியைப் பிறரிடம் வேலைக்கு விடுவோர் நிறத்தைத் தெரிவு செய்வதோடு நின்றுவிடாது, பலகை பூட்டுமுன் ஒருமுறை சென்று, இத்தாள் ஒட்டப்பட்டுள்ளதா எனப் பார்த்து வருவார்களாயின், அடுத்த மாரியில் மனம் வருந்த நேராது.