நாவை அளந்தனர்; அறிவை அளந்தாரில்லை

பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுத்தறி வீடொன்றில் பிறந்து, பள்ளிக் கல்வி முழுவதும் தமிழில் கற்று, பொறியியல் முடித்த இளைஞன் ஒருவன் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் நேர்காணலுக்குச் செல்கின்றான். நிரல் ஒன்றை எழுதச் சொல்கின்றனர். எழுதுகின்றான்; பிழையின்றி ஓடுகின்றது. 'இவ்வழியை ஏன் தேர்ந்தாய்?' என்று ஆங்கிலத்தில் வினவுகின்றனர். விடை அவன் அறிந்ததே. ஆனால் தமிழில் அறிந்தது. நாத் தடுமாறுகின்றது. வினவிய மூவரும் தமிழர்! தமக்குள் தமிழிலேயே எள்ளி நகைத்துக்கொண்டு, 'தொடர்பாற்றல் போதாது' என்றெழுதி அவனைத் திருப்பி விடுகின்றனர். ஆண்டுதோறும் அரங்கேறும் கூத்து இது.

எவரோடு தொடர்பு கொள்ளும் ஆற்றல்? கணிப்பொறியோடா, இம்மூவரோடா?

அவன் வீட்டுத் தறியின் தலைமேல் சக்காடுப் பெட்டி இருக்கின்றது. அதில் துளையிட்ட அட்டைகள் மாலையாய்த் தொங்குகின்றன. துளையுள்ள இடத்தில் பாவிழை எழும். துளையற்ற இடத்தில் எழாது. யாளியும் அன்னமும் மயிலும் முந்தானையில் இறங்குவது உண்டு, இல்லை என்னும் அவ்விரண்டு சொற்களாலேயே. கணிப்பொறி அறிந்த மொழியும் அதுவே! 1804-இல் பிரெஞ்சுக்காரர் சக்கார்டு செப்பம் செய்த இவ்வட்டையைத்தான் பாபேசு தம் பகுப்புப் பொறிக்கு எடுத்தாள எண்ணினார். 1890-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கெடுப்பில் ஓலரித்தின் பொறிகள் எண்ணியவையும் துளையட்டைகளே. இவ்வட்டையின் கீழ்த் தவழ்ந்து வளர்ந்தவனுக்குத்தான் 'ஆற்றல் போதாது' என்னும் தீர்ப்பு.

வாங்குவோர் அயல்நாட்டார், ஆதலின் ஆங்கிலம் வேண்டும் என்பர். சப்பானியர் வேலை கொடுத்தால், இந்திய நிறுவனங்கள் தம் பொறிஞர்க்குச் சப்பானிய மொழியைப் பணமிட்டுக் கற்பிக்கின்றனவே! வேலைக்குச் சேர்த்தபின் அயல்மொழி கற்பிக்க இயலுமெனில், தமிழில் தேர்ந்தெடுத்துப் பின்னர் ஆங்கிலம் கற்பிப்பது மட்டும் எவ்வாறு இயலாதாயிற்று?

அரசின் பங்கும் சிறிதன்று. அண்ணா பிறந்த ஊர் இக்காஞ்சி. அவர் ஆட்சியில் 1968-இல் சட்டமன்றம் இந்தியை வெளியேற்றியது. அதே தீர்மானத்தில் ஆங்கிலம் நாற்காலி போட்டு அமர்ந்து கொண்டது. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்வழி பயின்றார்க்கு 20 விழுக்காடு தருகின்றது, அரசுப் பணியில் மட்டும். அவ்வாண்டே அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கியது, கணிப்பொறியியலைத் தொடங்கவில்லை.

தரமணியில் 2000-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மென்பொருள் பூங்காவை எழுப்பியவை அரசு நிறுவனங்கள். சிறுசேரியில் மனை ஒதுக்கியதும் அரசின் சிப்காட்டே. அவ்வொதுக்கீட்டுத் தாளில், 'நுட்பத் தேர்வைத் தமிழிலும் நடத்துக' என்று ஒரு வரி எழுத மையா தீர்ந்து போயிற்று?